ரெய்னர்ஸ் லேனில் இரண்டு ரோமானியத் தூண்கள்

அந்தத் தூணைத் தட்டிய விரல் மூட்டு எனக்கு இரண்டு நாள் வலித்தது.

தட்டியது தொழில் புத்தி. லண்டனில் வீட்டு முகப்பில் நிற்கிற வெள்ளைத் தூண்களில் முக்கால்வாசிக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. ஃபைபர் கிளாஸ் குழாயை நெடுக்கே பிளந்து, இரண்டு பாதியையும் ஒட்டி, வெள்ளையடித்து நிறுத்தியிருப்பார்கள். தட்டினால் காலி பிஸ்கட் டின் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்ததும் திரும்பி வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அன்றைக்கும் அதற்காகத்தான் ஓங்கித் தட்டினேன்.

சத்தம் வரவில்லை.

"மெல்லத் தட்டுங்கோ தங்கச்சி, உது கல்லு," என்றார் ராஜரத்தினம் அண்ணை. அவருடைய வீடு, அவருடைய தூண், அவர் கையாலேயே கட்டியது. கையை உதறிக்கொண்டே குறிப்பேட்டில் ஏதோ எழுதுவதுபோலப் பாவனை செய்தேன். பங்குனி மாதத்து மழை தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் நனையாமல் நின்றது அந்தத் தூண்கள் தாங்கிய கூரைக்குக் கீழேதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் செய்யும் வேலை

இந்தத் தொடரைப் பாதியிலிருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. நான் விமலா, ஈப்போவிலிருந்து கட்டடக்கலை படிக்க லண்டனுக்கு வந்தவள். படித்து முடித்துத் திரும்பிப் போவதாகத்தான் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருக்க, மேற்கு லண்டனில் ஒரு கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் இரண்டு மூன்று கவுன்சில்கள் எல்லையில் உரசிக்கொண்டிருக்கின்றன. எது என்னுடையது என்று சொல்லப்போவதில்லை.

என் வேலை பழைய தெருக்களின் முகத்தைக் காப்பது. சில தெருக்களை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கவுன்சில் தீர்மானித்திருக்கும். அந்தத் தெருக்களில் ஜன்னல் மாற்றினாலும் ஓடு மாற்றினாலும் என் மேசைக்கு ஒரு தாள் வரும். பொருந்தும், பொருந்தாது என்று நான் எழுத வேண்டும். பொருந்தாது என்று எழுதி எழுதியே எனக்குப் பெயர் கெட்டிருந்தது. தமிழ்க் கடையில் என்னைக் கண்டால் வரிசையை மாற்றிக்கொள்கிற குடும்பங்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இருந்ததே இல்லை. என் கண் தவறாது என்று அவ்வளவு நம்பிக்கை.

இது சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது. எலிசபெத் லைன் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். இல்ஃபோர்டில் என் பிளாட்டிலிருந்து கிளம்பி, அந்தப் புது ரயிலில் ஏறி, பிறகு மாறி, ரெய்னர்ஸ் லேனில் இறங்கி ஒரு பஸ் பிடித்து, ராஜரத்தினம் அண்ணையின் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டைப் பற்றி ஒரு புகார் வந்திருந்தது. யார் போட்டது என்று நான் சொல்லக்கூடாது. வெள்ளைக்காரர் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கொம்பும் ஒரு மஞ்சள் துணியும்

ராஜரத்தினம் அண்ணை யாழ்ப்பாணத்திலேயே மேசன் வேலை பழகியவர். இங்கே வந்து சில வருடம் பெட்ரோல் ஷெட்டில் நைட் ஷிப்ட் செய்தார். பிறகு போலந்துக்காரர்களோடு சேர்ந்து பழைய தொழிலுக்கே திரும்பினார். மூத்த மகள் அபிராமிக்கு வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமானதும், வாசல் கதவுக்கு முன்னால் கூரை போட்ட ஒரு போர்ச் கட்டுவது என்று முடிவெடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது மழையில் நிற்கக்கூடாது என்பது அவருடைய நியாயம்.

போர்ச் என்றால் சின்னதாக ஒரு கண்ணாடிக் கூண்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் கட்டியது ஒரு மண்டப முகப்பு. ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு தூண்கள், உடம்பெல்லாம் நெடுக்கே வரிக்கோடுகள், தலையில் சுருண்ட இலைகள், இலைகளுக்குத் தங்கக் கலரில் பெயிண்ட். வீட்டு முன்னால் போர்ச் போட அனுமதி தேவையில்லை என்று யாரோ ஒரு சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார். குறிப்பிட்ட அளவுக்குள் என்றால் அது உண்மை. அளவைப் பற்றி அந்தச் சொந்தக்காரர் பேசவில்லை.

அளவு மீறியது என்று கவுன்சிலின் கடிதம் கையில் கிடைத்ததும் அவர் முறைப்படி ஒரு விண்ணப்பம் போட்டார், கட்டி முடித்த பிறகு கேட்கிற அனுமதி. அதன் மேல் முடிவெடுக்க ஆடி மாதம் வரை ஆகும் என்று தெரிந்தது. கல்யாணம் வைகாசியில் என்பதால் அதுவரை தூணுக்கு ஆபத்தில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக் கல்யாணத்தில் கன்னிக்கால் ஊன்றுவது என்று ஒன்று உண்டு. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு நல்ல நேரம் பார்த்து வீட்டு வாசலில் ஒரு மரக்கொம்பை நட்டு, மஞ்சள் துணியில் நவதானியமும் காசும் முடிந்து கட்டி, பால் ஊற்றுவார்கள். நட்ட கொம்பைக் கல்யாணம் முடியும்வரை அசைக்கக்கூடாது. இவர்கள் வீட்டு வாசலில் நடுவதற்கு மண் இல்லை. இரண்டு கார் நிறுத்துவதற்காக முழுவதும் கல் பதித்துவிட்டிருந்தார்கள். ஐயர் சுற்றிப் பார்த்துவிட்டு, வலப்பக்கத் தூணின் அடியில் ஒரு கல்லைப் பெயர்க்கச் சொன்னார். அந்தக் குழியில் கொம்பை நட்டு, அது சாயாதபடி தூணோடு சேர்த்துக் கட்டிவிட்டார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அப்பப்பா, அதாவது அப்பாவழித் தாத்தா, காலமாகிவிட்டார். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. கொம்பு அங்கேயே நின்றது.

கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது. ஆடியில் கவுன்சில் கூட்டம், ஆவணியில் கல்யாணம். கூட்டத்தில் அனுமதி மறுக்கப்பட்டால் நாலு வாரத்துக்குள் இடிக்க வேண்டும். தூண் இடிந்தால் கன்னிக்காலும் சேர்ந்து போகும்.

நான் இரண்டாம் முறை போனபோது ராஜரத்தினம் அண்ணையின் மனைவி தவமணி அக்கா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கொம்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிள்ளையின்ரை கலியாணத்துக்கு ஊண்டின கால். அதைப் பிடுங்க வேணுமெண்டால் நீங்களே வந்து பிடுங்குங்கோ," என்றார்.

எது தாங்குகிறது

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

லண்டனுக்கு வந்த முதல் மாதம், சார்டின் சம்பல் வைத்த ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்தேன். ஆற்றோரக் கோட்டைக்குப் பக்கத்தில் ரோமானியர் கட்டிய மதில் துண்டு ஒன்று நிற்கிறது. கல்வரிசைக்கு நடுவே சிவப்புச் செங்கல் வரிசை, இன்றைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு. அங்கே தொடங்கினேன். கோட்டைக்குள்ளே நார்மன் காலத்துச் சின்னத் தேவாலயம், அதில் குண்டுத் தூண்களும் அரைவட்ட வளைவுகளும். அங்கிருந்து மேற்கே போனால் கோதிக் பாணித் தேவாலயம். வளைவின் உச்சி கூராகிவிட்டது, சுவர் மெலிந்துவிட்டது, பாரத்தை வெளியே நிற்கும் முட்டுக்கால்கள் வாங்கிக்கொள்கின்றன. சுவருக்குப் பதிலாக வண்ணக் கண்ணாடி. கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கால் கடுக்க உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி விழுந்தது. இத்தனை வருடத்தில் அதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும் கேட்பேன்: இதில் எது தாங்குகிறது, எது தாங்குவதுபோல் நடிக்கிறது?

கேட்டுப் பாருங்கள், மேற்கத்தியக் கட்டடக்கலையின் கதை முழுவதும் கழன்று வரும். கிரேக்கர்கள் கல்லில் கோயில் கட்டினார்கள். ஆனால் மர உத்திரத்தின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுபோலக் கல்லிலே செதுக்கி வைத்தார்கள். பழைய மரக்கோயிலை அவர்களால் விட முடியவில்லை. ரோமானியர்களுக்கு வளைவு கட்டத் தெரியும், தூண் தேவையே இல்லை. இருந்தும் வளைவின் இரு பக்கமும் கிரேக்கத் தூணைப் பாதியாக வெட்டி ஒட்டினார்கள், பார்ப்பதற்காக. கோதிக் கொத்தனார்கள் மட்டும் எதையும் மறைக்கவில்லை. பிறகு மறுமலர்ச்சிக் காலம் வந்தது, அந்த நேர்மை காட்டுமிராண்டித்தனம் என்று பெயர் வாங்கியது. கோதிக் என்ற பெயரே ஒரு வசவுச் சொல்தான். மறுபடியும் ரோமாபுரியைக் காப்பியடித்தார்கள்.

இந்த நகரத்தின் பெரிய தேவாலயக் குவிமாடத்தை எல்லாரும் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வெளியே தெரிகிற மாடம் ஒன்று, உள்ளே அண்ணாந்து பார்க்கிற மாடம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாத செங்கல் கூம்பு ஒன்றுதான் உச்சிப் பாரத்தைச் சுமக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஏமாற்றப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில், ஜார்ஜியன் காலத்து வீட்டு வரிசைகள் செங்கலின் மேல் சுண்ணாம்பு பூசி, கோடு கிழித்து, கல்லென்று சொல்லிக்கொண்டன. விக்டோரியன் காலத்தில் ரயில் நிலையத்தின் முகத்துக்குக் கோதிக் வேஷம் போட்டுவிட்டு, முதுகுப் பக்கம் முழுக்க இரும்பில் கூரை போட்டார்கள். அப்புறம் எஃகும் கான்கிரீட்டும் வந்து, வேஷத்தைக் கலையுங்கள் என்று சத்தம் போட்டன. இப்போது நகரத்தின் நடுவே எல்லாம் கண்ணாடி. அந்தக் கண்ணாடி எதையும் தாங்குவதில்லை, தாங்குவதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஈப்போவில் நான் வளர்ந்தது தூண்களுக்கு நடுவில். பழைய டவுனில் சீன வியாபாரிகள் கட்டிய கடைவீடுகள், கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் நடைபாதை, அதற்கு மேலே மாடி, மாடியைத் தாங்கி வரிசையாகத் தூண்கள். தூணின் தலையில் ரோமாபுரி இலை, நடுவில் சீன எழுத்து, அடியில் ஒரு தமிழ் அண்ணன் பூ கட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது ஒருநாளும் விசித்திரமாகப் படவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடம், அவ்வளவுதான். விசித்திரமாகப் பார்க்க லண்டனுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன்.

பொய்க்கு வயது

தவமணி அக்கா செம்போடு உள்ளே போனதும், ராஜரத்தினம் அண்ணையை வாசலில் நிறுத்திவைத்துப் பிரசங்கம் செய்தேன். எனக்குக் கேட்கிற காது கிடைத்தால் போதும். இந்தத் தெரு டியூடர் பாணியில் அமைந்த தெரு, வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமும் இதன் முகம், இதற்கு நடுவில் ரோமானியத் தூண் நிற்பது கண்ணை உறுத்துகிறது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அண்ணாந்து, மேல் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடிய கறுப்புச் சட்டங்களைக் காட்டினார்.

"உந்த மரம் வீட்டைத் தாங்குதோ தங்கச்சி?"

பதில் எனக்குத் தெரியும்.

"தாங்கேல்லை. ஒண்டு உக்கிப்போய் நான் கழட்டிப் பாத்தனான். ஒரு இஞ்சு தடிப்புப் பலகை. செங்கல்லிலை ஆணி அடிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

உண்மைதான். ரெய்னர்ஸ் லேனில் நிலத்தடி ரயில் நிலையத்தைப் பாருங்கள். செங்கல்லும் கண்ணாடியும் கொண்ட உயரமான பெட்டி, மேலே தட்டையான கான்கிரீட் கூரை. அந்தக் காலத்துக்கு அது நாளைய கட்டடம். கிட்டத்தட்ட அதே வருடங்களில்தான் சுற்றிலும் இந்த வீடுகளைக் கட்டினார்கள். நாளைய ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்கள், நானூறு வருடத்துக்கு முந்தைய விவசாயி வீட்டைப்போல் வேஷம் போட்ட வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வேஷத்தைக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அது பழசு, அண்ணே. பழசுக்கு ஒரு மரியாதை இருக்கு," என்றேன்.

"அப்ப பொய்யெண்டாலும் எத்தினை வருசம் போனால் அது உண்மையாகும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை. மேசன் ஒருவர் சிமெண்ட் காய எத்தனை நாள் என்று கேட்பதைப்போலத்தான் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"மூலை வீட்டிலையும் ரெண்டு வெள்ளைத் தூண் நிக்குது. போன வருசம் வைச்சவை. அதை ஆர் விட்டது?"

மூலை வீட்டின் கோப்பு

விட்டது நான்.

ஆபீசுக்குத் திரும்பியதும் அந்தக் கோப்பை எடுத்தேன். ஓய்வுபெற்ற ஒரு வழக்கறிஞரின் வீடு. அவருக்காக விண்ணப்பித்தவர் பெயர்பெற்ற ஒரு கட்டடக் கலைஞர். கெட்டித் தாளில் நீர்வண்ணம் தீட்டிய முகப்புப் படம், படத்தில் ஒரு நாய்க்குட்டி வேறு. கூடவே ஜார்ஜியன் பாணியைப் பற்றி மூன்று பக்கக் கட்டுரை. அடியில் என் குறிப்பு: "மரபை நன்கு உணர்ந்த, அடக்கமான முகப்பு. தெருவுக்கு அழகு சேர்க்கும்."

ராஜரத்தினம் அண்ணையின் விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்தேன். கட்டம் போட்ட நோட்டுத் தாளில், பந்துமுனைப் பேனாவில் அவரே வரைந்த படம். அளவுகள் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. நாய்க்குட்டி இல்லை. கூட்டத்துக்காக நான் பாதி எழுதி வைத்திருந்த அறிக்கையின் வரி: "அந்நியமான, பகட்டான சேர்க்கை."

இரண்டும் டியூடர் வேஷம் போட்ட வீடுகள். இரண்டின் வாசலிலும் ரோமாபுரிக்குப் போய் வந்த தூண்கள். ஒன்றுக்கு மரபு என்று பெயர் வைத்தேன், மற்றதற்குப் பகட்டு. அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே மனம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெள்ளைக்காரர் வீடு என்பதற்காகவா விட்டேன் என்று என்னையே கேட்டேன். இல்லை என்று உடனே சொல்ல வரவில்லை. நல்ல படத்தைக் கண்டால் மயங்குகிறவள் நான் என்று ஒரு சமாதானம் இருந்தது. நல்ல படம் யார் வீட்டிலிருந்து வரும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதானே.

மறுநாள் காலை மூலை வீட்டுக்குப் போனேன். அனுமதி கொடுத்த பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வழக்கறிஞர் கதவைத் திறந்தார், நல்ல மனுஷர், தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம், கட்டி முடித்ததைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். போகிற போக்கில் தூணைத் தட்டினேன். காலி டின் சத்தம். இன்னொன்றையும் தட்டினேன். அதே சத்தம். மேலே இருந்த முக்கோண முகப்பைச் சுவரிலிருந்து இரும்புக் கம்பிகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன. தூண்களை எடுத்துவிட்டாலும் ஒன்றும் விழாது.

ஹெலனும் நானும்

என் மேலதிகாரி ஹெலன் கெட்டவர் இல்லை. நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மூலை வீட்டு விஷயம் முடிந்துபோனது, அதைக் கிளற வேண்டாம் என்றார். இந்த விண்ணப்பத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் எனக்கும் நல்லது, நானும் அவர்களும் ஒரே மொழி பேசுகிறவர்கள், நாளைக்கு யாராவது விரல் நீட்டலாம் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

இத்தனை வருடமாக ஆங்கிலேயர் வீடுகளை நீங்கள் பார்க்கிறீர்களே, ஒரே மொழி என்பதற்காக யாராவது உங்களை விலகச் சொன்னார்களா என்று கேட்டேன். ஹெலன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கடைசியில், கூட்டத்தில் நீயே பேசு, ஆனால் உன் தவறை நீயே சொல்ல வேண்டிவரும், அது உன் பெயரில் பதிவாகும் என்றார். சரி என்றேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். பொருந்தாது என்று நான் எழுதிய ஒவ்வொரு வீட்டுக்காரரும் நாளைக்கு மூலை வீட்டைக் காட்டிச் சண்டைக்கு வரலாம். வரட்டும் என்று இருந்தது.

ஆடி மாதத்துக் கூட்டம்

கூட்டம் சாயங்காலம் டவுன் ஹாலில் நடந்தது. ராஜரத்தினம் அண்ணை கோட் போட்டு வந்திருந்தார். தவமணி அக்கா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடும்பத்துக்காக அபிராமி பேசினாள். கன்னிக்காலை ஆங்கிலத்தில் விளக்குவது சுலபமில்லை. அவள் சுற்றி வளைக்காமல், இது நட்டபின் என் கல்யாணம் முடியும்வரை எடுக்கக்கூடாத ஒன்று, இதை எடுத்தால் என் அம்மா அன்றைக்குச் சிரிக்கமாட்டார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்தது நான். கன்னிக்காலைப் பற்றி நான் பேசவில்லை. அது என் வேலை இல்லை. மூலை வீட்டுப் படத்தையும் இந்த வீட்டுப் படத்தையும் திரையில் அருகருகே போட்டேன். இந்த இரண்டில் ஒன்றை அழகு என்றும் ஒன்றைப் பகட்டு என்றும் எழுதியவள் நான், அப்படி எழுதியது தவறு என்றேன். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான் இருக்க முடியும், தூண் எதையாவது தாங்குகிறதா என்பது, அந்த அளவுகோலில் இந்தத் தூண்கள் தேறுகின்றன, மூலை வீட்டுத் தூண்கள்தான் தேறவில்லை, ஆனால் அவற்றுக்கு நான் கொடுத்த அனுமதியை இனித் திரும்பப் பெற முடியாது என்றேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இதை விட்டால் நாளைக்குத் தெரு முழுக்கத் தூண் முளைக்காதா?

முளைக்கலாம் என்றேன். ஒருவர் வீட்டில் பலகை அடித்ததைப் பார்த்துத்தான் தெரு முழுக்கப் பலகை அடித்தார்கள், இப்போது அதைக் காப்பதற்கு என்னை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள்.

உறுப்பினர்கள் வாக்களித்ததில், ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தூண்கள் பிழைத்தன. ஒரு நிபந்தனை மட்டும், இலைகளில் இருந்த தங்கப் பெயிண்டை எடுத்துவிட வேண்டும். அதை எதிர்த்து நான் வாயைத் திறக்கவில்லை. தங்கம் எனக்கும் பிடிக்கவில்லை.

வெளியே படியில் ராஜரத்தினம் அண்ணை எனக்காகக் காத்திருந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தங்கத்தை என்னத்துக்குச் சுரண்டச் சொல்லுறாங்கள்? அதுதானே வடிவு," என்றார்.

ஆவணி

கல்யாண அழைப்பிதழ் ஆபீசுக்கே வந்தது. என் கையால் அறிக்கை எழுதிய வீட்டில் நான் விருந்து சாப்பிடக்கூடாது என்பது விதி. வர முடியாததற்குக் காரணம் சொல்லி மரியாதையாகக் கடிதம் எழுதினேன். ஆனால் அன்று காலை என் கால் சும்மா இருக்கவில்லை. ரெய்னர்ஸ் லேனில் இறங்கி, பஸ் பிடித்து, அந்தத் தெருவில் எதிர்ப்பக்க நடைபாதையில் குடையோடு நின்றேன். எதிர்பார்த்தபடியே மழை.

எங்கிருந்து பிடித்தார்களோ, இரண்டு வாழைமரங்களைக் குலையோடு தூண்களில் கட்டியிருந்தார்கள். வாழைக்கு மேலே ரோமாபுரி இலை, அதற்கு மேலே டியூடர் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே டிவி டிஷ். அபிராமி மண்டபத்துக்குப் புறப்படுகிற நேரம். முப்பது பேராவது அந்தக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பட்டிலும் ஒரு சொட்டு விழவில்லை.

தவமணி அக்காதான் என்னைக் கண்டார். சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு, பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேல் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தார். நான் விதியைச் சொல்ல வாயெடுத்தேன்.

"சாப்பிடச் சொல்லேல்லை. சந்தனம் பூசவும் கவுன்சிலிலை சட்டம் இருக்கோ?"

இல்லை என்றேன். நெற்றியைக் காட்டினேன். அவருடைய விரல் குளிர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மழை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை.

அடுத்த வாரம் தெருப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் ஒரு பத்தி உண்டு. எங்களுக்குப் பிறகு வருகிற அதிகாரிகள் அதைப் படித்துத்தான் எதைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். மூலை வீட்டின் பழைய பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: "முகப்பில் இரண்டு தூண்கள். பின்னர் சேர்க்கப்பட்டவை. எதையும் தாங்கவில்லை."

ராஜரத்தினம் அண்ணையின் வீட்டுக்கு எழுதினேன்: "முகப்பில் இரண்டு தூண்கள். பின்னர் சேர்க்கப்பட்டவை. கூரையைத் தாங்குகின்றன."

ஒவ்வொரு பத்திக்கும் அடியில் ஒரு கட்டம் இருக்கும், பொறுப்பான அதிகாரியின் பெயருக்காக. பழைய பதிவுகளில் பலர் அதைக் காலியாக விட்டிருந்தார்கள். நான் இரண்டிலும் என் பெயரை முழுதாக எழுதினேன்.